ஆறாம் வகுப்பில் ஷிப்ட் மாறும் நேரம்

1. தலைமையாசிரியரின் போன்

"சார், எங்க ஸ்கூலுக்கு ஒடனே வர முடியுமா? ஆறாம் கிளாஸ்ல பசங்க தூங்கினு இருக்காங்க. கணக்கு டீச்சர் பாத்துகினே பாடம் நடத்துறாங்க. எழுப்புங்கன்னா எழுப்ப மாட்டேங்கறாங்க சார்!"

ஒரு திங்கட்கிழமை காலை, படப்பையில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட நின்றிருந்தபோது வந்த போன் இது. பேசியவர் வல்லக்கோட்டைக்குப் போகும் பாதையில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். வகுப்பில் பிள்ளைகள் தூங்குவதற்கெல்லாம் ஒரு போனா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் படித்த காலத்தில் மத்தியானத்துக்கு மேல் வாத்தியாரும் சேர்ந்தே தூங்குவார். யாரும் யாருக்கும் போன் செய்ததில்லை.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் போன் வந்தபோது பணியில்தான் இருந்தேன். பள்ளி பள்ளியாகப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதித் தர வேண்டும். கடைசி சில வருடங்களில் பேப்பர் போய் செல்போன் ஆப் வந்தது. பள்ளிகளில் எங்களை 'சூப்பர்வைசர்' என்பார்கள். கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாலே ஆபத்து. "சார் எந்த லைன் சூப்பர்வைசர்? எங்க அப்பாவுக்கு ஓடி தர மாட்டேங்கறது நீங்கதானா?" என்று மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னை வழிமறித்துக் கேட்டிருக்கிறாள். ஓவர்டைமை, அதாவது ஓ.டி.யைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம்ப வைப்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.

இப்போது புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் சிலர் போன் செய்து, "சார், கிளாஸ் அப்சர்வேஷன் எப்படிப் பண்றது?" என்று கேட்கிறார்கள். பெரிய வித்தை எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஆறாம் வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

2. கடைசி பெஞ்ச்

பள்ளி எனக்குத் தெரிந்த பள்ளிதான். முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் சத்துணவுக் கூடம், சுவருக்கு அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் போகிற ரோடு. ஏதோ ஒரு கம்பெனி பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தது. அடித்தவர்கள் தங்கள் தொழிற்சாலைப் பழக்கத்தில் வகுப்பறைத் தரையிலும் மஞ்சள் கோடு போட்டுவிட்டார்கள். பை வைக்க ஒரு கட்டம், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு கட்டம், குப்பைக் கூடைக்கு ஒரு கட்டம். பிள்ளைகள் அதை அப்படியே மதித்து நடந்தார்கள். குப்பைக் கூடை கட்டத்தை விட்டு நகர்ந்தால் யாராவது எழுந்து போய்ச் சரி செய்வார்கள்.

நான் உள்ளே போனதும் வகுப்பு எழுந்து, "வணக்க்க்கம் ஐயா" என்று இழுத்தது. அந்த இழுவை தமிழ்நாடு முழுக்க ஒரே ராகம்தான். ஓய்வு பெற்றபின் நான் அதிகம் ஏங்குவது அதற்குத்தான் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

கலைவாணி டீச்சர் என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். சூப்பர்வைசர் வந்தால் குரலில் தேன் தடவிக்கொள்கிற ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த ரகமில்லை. குரல் கணீரென்று சத்துணவுக் கூடம் வரை கேட்கும். பாடம் பின்னங்கள்.

தலைமையாசிரியர் சொன்னது உண்மைதான். ஜன்னலோரம் இரண்டு, நடுவில் ஒன்று, எனக்கு முன் பெஞ்சிலேயே ஒன்று என்று நான்கு தலைகள் பெஞ்சில் கவிழ்ந்திருந்தன. ஒளிந்து மறைந்து தூங்கவில்லை. கையை மடித்துத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்து, நிம்மதியான தூக்கம். டீச்சர் அந்தப் பக்கம் போகும்போது ஒரு பெண்ணின் தலையில் விழுந்த பல்லியைத் தட்டிவிட்டார். எழுப்பவில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் முகம் தெரியாது. முதுகும் காலும்தான் தெரியும். அதனால் நான் கால்களைப் பார்த்தே பழகியவன். முகத்தை ஆசிரியருக்காகத் தயார் செய்யலாம், காலைத் தயார் செய்ய முடியாது. பாடம் அலுத்தால் பெஞ்சுக்கு அடியில் கால்கள் ஆடத் தொடங்கும். பிறகு ஒன்றை ஒன்று உதைக்கும். அன்று டீச்சர் ஒரு கணக்கைக் கொடுத்ததும் விழித்திருந்த பிள்ளைகளின் கால்கள் எல்லாம் அசையாமல் நின்றுவிட்டன. நல்ல வகுப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியிருக்க, இந்த நான்கு பேர் விஷயம் புரியவில்லை.

இடைவேளையில் கேட்டேன். "ஏன் டீச்சர் எழுப்பலை?"

"எழுப்பினா கண்ணு திறந்திருக்கும். காது திறக்குமா சார்?"

"அப்போ அவங்களுக்குப் பாடம்?"

"போய்ச் சேர்ந்துரும்."

"எப்படிச் சேரும்?"

"நாளைக்கும் வருவீங்கல்ல? பாருங்க." அவ்வளவுதான். சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பார்க்க வந்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

தலைமையாசிரியர் அறையில் டீ காத்திருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "உள்ளூர்க்காரங்க தினம் வந்து நிக்கிறாங்க சார். 'எம்புள்ள கொட்டாவி வுட்டா மொறைக்கிறாங்க, வெளியூர்லேந்து வந்த வாடகை வூட்டுப் புள்ளைங்க மட்டும் ஜாலியா தூங்குதே, இன்னா நாயம் இது'ங்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது? நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா, மேடம்கிட்ட சொல்லி டீச்சரை மாற்றுப் பணியில வேற ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்."

மேடம் என்றது எங்கள் வட்டாரக் கல்வி அலுவலரை. மாற்றுப் பணி என்றால் ஒரே நாளில் உத்தரவு வந்து, மறுநாள் வேறு பள்ளியில் போய் நிற்க வேண்டும். அந்த ஆறாம் வகுப்பு ஐந்தாவதிலிருந்து வரும்போது வாய்ப்பாட்டிலேயே தடுமாறிய வகுப்பு என்பது எனக்குத் தெரியும். இப்போது பின்னத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. வருடத்தின் நடுவில் டீச்சரைப் பிடுங்கினால் வகுப்பு விழுந்துவிடும். விட்டாலும் நான்கு பேர் தூங்கிக்கொண்டே வருடத்தை முடிப்பார்கள் போலிருந்தது. அவசரப்பட்டு எழுதுவதில்லை, சில நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

3. ஹேண்ட்ஓவர்

மறுநாள் நான் சாப்பாட்டு மணிக்கும் அங்கேயே இருந்தேன். தட்டு கழுவும் குழாயடியில் ஒரே சத்தம். முட்டைக் கருவை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், வராண்டாத் தூணுக்குப் பக்கத்தில் காலையில் தூங்கிய பெண்ணும் இன்னொருத்தியும் எதிரெதிரே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தி மோனிஷா. உள்ளூர்ப் பெண். ரெட்டைப் பின்னல், வாய் ஓயாத ரகம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமிக்கு நேர்ந்துகொண்டவள் மாதிரி அசையாமல் நின்று சொன்னாள்:

"ஓடனது, பின்னம் பெருக்கல். மேல மேல பெருக்கணும், கீழ கீழ பெருக்கணும். நின்னது, கலப்புப் பின்னம், அத்த டீச்சர் நாளைக்கு எடுப்பாங்க. கவனம், கடைசில சுருக்காம வுட்டா மார்க்கு பூடும்."

எதிரே நின்றவள் மூன்றையும் திருப்பிச் சொன்னாள். பிறகு நோட்டில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினாள். மோனிஷா பார்த்துத் தலையாட்டினாள். இருவரும் ஓடிவிட்டார்கள். அந்தப் பக்கம் இரண்டு பையன்கள் இதையே செய்துகொண்டிருந்தார்கள்.

மோனிஷாவைக் கூப்பிட்டேன். "என்ன விளையாட்டும்மா இது?"

"வெளாட்டு இல்ல சார், ஹேண்ட்ஓவர்." இது கூடவா தெரியாது என்பது போல் பார்த்தாள். "எங்கம்மா போன் கம்பெனில கீது சார். ஷிப்டு முடிஞ்சா சும்மா வூட்டுக்கு வந்துட முடியாது. அடுத்த ஷிப்டு அக்காகிட்ட சொல்லணும். எது ஓடுச்சு, எது நின்னுது, எதுல கவனமா இருக்கணும்னு. சொல்லாம வந்துட்டா அந்த அக்கா மாட்டிக்கும்."

"சரி, இங்க எதுக்கு?"

"அவங்க பி ஷிப்டு சார். காத்தால தூங்கிட்டாங்க இல்ல?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிப் பீரியடுக்கும் போய் உட்கார்ந்தேன். கலைவாணி டீச்சர் காலைப் பாடத்திலிருந்து கேள்வி கேட்டார். முதலில் கேட்டது தூங்கிய நான்கு பேரைத்தான். நான்கு பேரும் சொன்னார்கள். ஒருவன் சுருக்க மறந்தான். மோனிஷா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் போனபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அன்றும் தலைகள் கவிழ்ந்திருந்தன, ஆனால் வேறு தலைகள். போன வாரம் எனக்கு முன் பெஞ்சில் தூங்கிய முப்புடாதி இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கம்பெனி வேலை, வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் இடத்தில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அவளிடமே கேட்டேன்.

"போன வாரம் எங்கம்மைக்கு செகண்ட் ஷிப்டு சார். கம்பெனி பஸ்ஸு எறக்கி விட்டு அவ வாரதுக்கு ரொம்ப நேரம் ஆயிரும். நாந்தான் முழிச்சிருந்து கதவத் தொறப்பேன்."

"அப்பா திறக்க மாட்டாரா?"

"அப்பா தொறப்பாவ சார். ஆனா நான் முழிச்சிருந்தாத்தான அம்மைட்ட பேச முடியும்? காலையில நான் வரும்போது அவ ஒறங்கிட்டுக் கெடப்பா. நான் போகும்போது அவ கம்பெனிக்குப் போயிருப்பா. அந்த ஒரு வாரம் அப்படித்தான் சார் பாத்துக்கிடணும்."

சொல்லிவிட்டுக் கணக்குக்குத் திரும்பிவிட்டாள். அந்த ரோட்டில் வெள்ளைக் கம்பெனி பஸ்களுக்கு ஒதுங்கி வழிவிட்டே என் ஸ்கூட்டர் தேய்ந்துபோயிருந்தது. அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்காக ஒரு வகுப்பே மாற்றி மாற்றி விழித்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கலைவாணி டீச்சரிடம் போய், "முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா சார்? சூப்பர்வைசருங்க கண்ணால பாத்தாத்தான் நம்புவீங்க." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "நான் எதுவும் சொல்லிக்கொடுக்கல. அவங்களா ஆரம்பிச்சாங்க. நான் குறுக்கே போகல, அவ்ளோதான். உள்ளூர்ப் பசங்க தூங்கறதுக்கு நான் திட்டறதும் உண்மைதான் சார். அதுங்க ராத்திரி முழுக்க போன்ல கேம் ஆடிட்டு வருதுங்க."

அன்றே தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரை மாற்றச் சொல்லி நான் எழுத மாட்டேன், இருக்க வேண்டும் என்றுதான் எழுதுவேன் என்றும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நம்மள மீறிப் போயிடுச்சு. யாரோ மேடத்துக்கே போன் பண்ணிட்டாங்க. வியாழக்கிழமை வராங்க."

4. மேடம் வந்த நாள்

வந்தார். நல்ல அதிகாரிதான். காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார், பிள்ளைகளின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்ப்பார். அவர் கூடவே நானும் தலைமையாசிரியரும் ஆறாம் வகுப்புக்குள் போனோம். முதல் பீரியட் இல்லை, சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். எல்லோரும் விழித்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. பின்னம் வகுத்தல் முந்தின நாள்தான் நடந்திருந்தது.

மேடம் சாக்பீஸை வாங்கிக் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். முக்காலை அரையால் வகுக்க வேண்டும். "எல்லாரும் போடுங்க, பார்க்கலாம்."

பெஞ்ச் பெஞ்சாகப் போய் நோட்டுகளைப் பார்த்தார். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. அவர் முகம் மலர்ந்தது. முந்தின நாள் தூங்கியவர்களின் நோட்டுகளுக்கு வந்தார். மூன்றில் இரண்டு என்று ஒருவன் போட்டிருந்தான். எதிர் மூலையில் இருந்தவனும் மூன்றில் இரண்டு. ஜன்னலோரம் முன்னால் ஒரு பெண், பின்னால் ஒரு பெண், அவர்களும் மூன்றில் இரண்டு.

"இது என்ன டீச்சர்? நாலு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்? ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. இவங்கதான் தூங்கறவங்களா?"

கலைவாணி டீச்சர் ஆமாம் என்றார். தலைமையாசிரியர் சுவரில் இருந்த திருக்குறளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான்கு பேரும் நான்கு மூலையில் இருந்தார்கள், பார்த்து எழுதவே முடியாது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மோனிஷா எழுந்து நின்றாள்.

"மேடம், அவங்க மேல தப்பு இல்ல. என் ஹேண்ட்ஓவர்ல தப்பு."

"என்னம்மா?"

"நேத்து மணி அடிச்சிட்டாங்க மேடம். அவசரத்துல, பின்னாடி கீற பின்னத்தத் திருப்பிப் போடுன்னு சொல்றதுக்குப் பதிலா முன்னாடி கீறதத் திருப்பச் சொல்லிட்டேன். நாலு பேருக்கும் நான்தான் சொன்னேன். அந்த லாட்டு முழுக்க ரிஜெக்ட்டு மேடம். ரெண்டு நிமிஷம் குடுங்க, ரீவொர்க் பண்ணிடறேன்."

லாட்டு என்றால் கம்பெனியில் மொத்தமாகச் செய்த ஒரு தொகுதி சரக்கு, தப்பானால் ரீவொர்க், அதாவது திரும்பச் சரி செய்ய வேண்டும்; மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவள் மஞ்சள் கட்டத்திலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நான்கு பேரையும் முன்னால் கூப்பிட்டுவிட்டாள்.

"இதுல முக்கா பாட்டில் தண்ணி கீது. ஒரு ஆளுக்கு அர பாட்டில். எத்தினி பேருக்கு ஊத்தலாம்?"

"ஒரு ஆளுக்கு ஃபுல்லா ஊத்தலாம்."

"மீதி?"

"கால் பாட்டில் மீதி. அது பாதி ஆளுக்கு."

"அப்போ ஒன்ற. நீங்க போட்டது மூணுல ரெண்டு, ஒரு ஆளுக்கே பத்தாது. பாட்டில்ல தண்ணி கீது, ஊத்துனா ஒரு ஆளுக்கே வரலன்னா எங்க போச்சு? நான் குடிச்சிட்டனா? அப்போ திருப்பனதுதான் தப்பு. பின்னாடி கீறதத் திருப்புங்க."

நான்கு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து மறுபடி போட்டார்கள். நான்கு ஒன்றரை வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. பார்வையாளன் வகுப்பில் கைதட்டக் கூடாது. அதனால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அறைக்கு வந்து நான் எல்லாவற்றையும் விளக்கினேன். ஷிப்ட், கதவு, ஹேண்ட்ஓவர், எதையும் விடவில்லை. மேடம் பொறுமையாகக் கேட்டார். கண்கூட லேசாகக் கலங்கியது.

"அருமையா இருக்கு சார். நான் மறுக்கல. ஆனா நாளைக்கு ஒருத்தர் ஜன்னல் வழியா போட்டோ எடுத்து, 'அரசுப் பள்ளியில் உறங்கும் மாணவர்கள்'னு போட்டா, நீங்க சொன்ன கதையை யார் படிப்பாங்க? போட்டோவைத்தான் பாப்பாங்க. டீச்சருக்குத்தான் அது ஆபத்து."

கலைவாணி டீச்சர் கெஞ்சி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். "இந்த வருஷம் மட்டும் விடுங்க மேடம். ஏழாவதுக்கு ஏத்தி விட்டுட்டுப் போயிடறேன்."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் உத்தரவு வந்தது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு, கல்வியாண்டு முடியும்வரை. டீச்சர் அன்று மத்தியானமே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பிள்ளைகள் அப்போது வெளியே விளையாட்டுப் பீரியடில் இருந்தார்கள். அழுது ரகளையாகும் என்று தலைமையாசிரியர் சொல்லவிடவில்லை. டீச்சர் தன் பையை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்து வழியாகப் போய் ஷேர் ஆட்டோ ஏறினார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

5. புது சார்

திங்கட்கிழமை புது ஆசிரியர் வந்தார். பெயர் சதீஷ். இளைஞர், கண்டிப்பானவர் என்று பேர். தலைமையாசிரியர் கேட்டு வாங்கிய ஆள். வகுப்பு வாசல் வரை கூடவே வந்து, "ஒருத்தர் தூங்கக் கூடாது சார், அது மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வழக்கம்போல் கடைசி பெஞ்சில். வணக்கம் சொன்ன ராகத்தில் அன்று இழுவையே இல்லை.

சதீஷ் சார் கரும்பலகையில் தேதி எழுதித் திரும்பினார். மோனிஷா எழுந்து நின்றிருந்தாள். கை பின்னால் கட்டியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம். டீச்சர் போறப்ப உங்களுக்கு ஹேண்ட்ஓவர் குடுக்கல. அவங்களுக்கு டைம் இல்ல. நான் குடுக்கட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது, ஆரம்பித்துவிட்டாள்.

"ஓடனது, பின்னம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் முடிஞ்சிது. நின்னது, பயிற்சிக் கணக்கு, டீச்சர் இன்னிக்குப் போடறேன்னாங்க. கவனம், வகுத்தல்ல ஒரு லாட்டு தப்பாப் போயி சரி பண்ணிட்டோம், நீங்க ஒருவாட்டி செக் பண்ணிக்குங்க. அப்புறம், இந்த வாரம் தினேஷு, ரோஷினி, வேலு மூணு பேரும் காத்தால தூங்குவாங்க. அவங்க வூட்ல செகண்ட் ஷிப்டு. எழுப்பாதீங்க சார். நாங்க சொல்லிக்குடுத்துருவோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவ்ளோதான் சார். டீச்சர் நல்லா நடத்துவாங்க."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. சட்டென்று உட்கார்ந்துகொண்டாள். சதீஷ் சார் பயிற்சிக் கணக்குப் பக்கத்தைப் பிரிக்கச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் தினேஷ் கவிழ்ந்தான். பிறகு ரோஷினி, வேலு. சதீஷ் சார் பார்த்தார், பாடத்தைத் தொடர்ந்தார். நான் மெல்ல மூச்சு விட்டேன். அப்போதுதான் முன் பெஞ்சில் ரெட்டைப் பின்னல் ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்தேன். மோனிஷா தலையை உலுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தாள். கன்னத்தைக் கிள்ளிக்கொண்டாள். அவள் அம்மாவுக்கும் அந்த வாரம் செகண்ட் ஷிப்ட் என்று பிறகு தெரிந்தது. மூன்று பேரைச் சொன்னவள் தன் பெயரைச் சொல்லவில்லை. டீச்சர் இல்லாத வகுப்பில் தானும் தூங்கினால் யார் பார்த்துக்கொள்வது என்று நினைத்திருப்பாள். பதினொரு வயதுப் பெண்ணால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? கடைசியில் தலை பெஞ்சில் போய்ச் சேர்ந்தது.

சதீஷ் சார் பேச்சை நிறுத்தினார். சாக்பீஸோடு அவள் பெஞ்சுக்கு நடந்தார். வகுப்பு முழுக்கக் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. என்னுடையதும்தான்.

பெஞ்சின் ஓரத்தில் அவள் முழங்கை இடித்து ஜாமெட்ரி பாக்ஸ் விழப் போகிற நிலையில் இருந்தது. அவர் அதை எடுத்துச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்தார். திரும்பிப் போய்க் கரும்பலகைக்கு முன் நின்று, முன்பைவிடத் தணிந்த குரலில் அடுத்த கணக்கை ஆரம்பித்தார். பிள்ளைகள் கேட்பதற்காக முன்னால் சாய்ந்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்தது. நான் ஆப்பைத் திறந்து அன்றைய பதிவுகளைப் போட உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே, வராண்டாத் தூணுக்குப் பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மோனிஷா நின்றாள். எதிரே முப்புடாதி. இதுவரை வாங்கியே பழகியவள், கொடுத்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொள்வதா முன்னால் வைத்துக்கொள்வதா என்று தடுமாறினாள்.

"ஓடுனது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "நீ மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாட்டி. அவசரமில்ல, நான் எங்கயும் போவல."

கலைவாணி டீச்சர் இன்னும் மறைமலை நகர்ப் பக்கம்தான் இருக்கிறார். உத்தரவில் சொன்ன கல்வியாண்டு முடிந்த பிறகும் அவர் திரும்பி வரவில்லை. அன்று மாலை நான் போன் செய்து இதைச் சொன்னபோது, "முப்புடாதியா குடுத்தா?" என்று அந்தக் கணீர்க் குரல் இரண்டு முறை கேட்டது.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு வகுப்பைப் பற்றி எழுதுவதற்கு முன், அந்தப் பிள்ளைகளின் வீட்டில் யார் எப்போது வேலைக்குப் போய் எப்போது வருகிறார்கள் என்று கேளுங்கள். மணி அடித்ததும் கிளம்பாதீர்கள், வகுப்பில் பாதி மணிக்குப் பிறகுதான் நடக்கிறது.

அந்த ஆப்பில் ஒரு கேள்வி உண்டு. பாடம் எல்லா மாணவர்களையும் சென்றடைந்ததா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். நான்கு பேர் தூங்கிய வகுப்பு அது. மோனிஷா முகம் கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்து, மற்ற மூன்று பேரின் ஹேண்ட்ஓவரும் முடிந்து, முப்புடாதியும் சொல்லி முடித்ததும், 'ஆம்' என்று அழுத்தினேன்.